பேட்டரி அறையில் எட்டு இருபத்திரண்டு

வியாழக்கிழமை காலை கலூரில் பாகீரதி வாரஸ்யாரின் வீட்டுக்கு வந்த சிஸ்டர் ஜெசிந்தா உட்கார மறுத்தாள்.

"ஒரு நல்லவனோட வேலை போகப் போகுது சேச்சி. வேலை மட்டும்னா பரவாயில்ல, போலீஸ்ல எழுதிக் குடுக்கறதா சொல்றாங்க."

பாகீரதி ஓய்வுபெற்ற மின் ஆய்வாளர். முப்பது வருடம் கருகிய கம்பிகளில் காரணம் தேடியவர். அவரை எங்கும் அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரர் பரீத், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜெசிந்தா வேலை செய்யும் டயாலிசிஸ் மையம் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது. அடித்தளத்தில் அலமாரி அலமாரியாகப் பேட்டரிகள்; மொட்டை மாடியில் சூரியத் தகடுகள். டயாலிசிஸுக்கென்று பேட்டரியில் அறுபது சதவீதத்தை எப்போதும் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். திங்கட்கிழமை மாலை ஐந்து பத்துக்கு இடி இடித்து மின்சாரம் போனது. மூன்று மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி பதினோரு நிமிடத்தில் படுத்துவிட்டது.

"ஏழு பேருக்கு ரத்தம் மெஷின் வழியா வெளியே ஓடிக்கிட்டிருக்கு. நாங்க நாலே பேர். மெஷினைக் கையால சுத்தித்தான் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பணும். எலக்ட்ரீஷியன் ஷினோஜ் படியேறி ஓடி வந்து ரெண்டு மெஷினைச் சுத்தினான். அப்படியும் ஏலிக்குட்டி அம்மச்சிக்கு குழாய்லயே ரத்தம் உறைஞ்சு போச்சு. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்காங்க."

"ஷினோஜ் மேல என்ன குத்தம்?"

ஜெசிந்தா ஒரு தாளை நீட்டினாள். கட்டுப்பாட்டுப் பலகையின் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரி. திங்கள், 8:22. பேட்டரியில் தொடக்கூடாத இருப்பு அறுபதிலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைக்கப்பட்டது, பேட்டரி அறையிலுள்ள பலகையிலிருந்தே. சூரிய மின்சாரம் 96 கிலோவாட்.

"காலைல எட்டு அஞ்சுலேர்ந்து எட்டு நாப்பது வரைக்கும் அந்தப் பேட்டரி ரூம்ல அவன் மட்டும்தான் இருந்தான். வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்தே போட்டிருக்கான்."

"அப்ப முடிஞ்சு போச்சே!" என்றார் பரீத்.

"உங்க ஆட்டோ மாதிரியே முந்தாதீங்க பரீத்" என்றார் பாகீரதி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டடத்தின் மேலாளர் ஈப்பன் ஐம்பது வயதுக்காரர்; தூக்கமில்லாத முகம். அடித்தளத்துக்கு அவரே வழிகாட்டினார். ஷினோஜும் கூட வந்தான்.

"யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட் தெரியும்?" என்று பாகீரதி கேட்டார்.

"எனக்கு, மேனேஜர் சாருக்கு, கம்பெனி இன்ஜினியருக்கு" என்றான் ஷினோஜ். "அவர் ரெண்டு வாரம் முன்னாடி வந்து பழைய பலகையைப் பெட்டியோட கழட்டிட்டு புதுசு மாட்டினாரு. நான் திங்கக்கிழமை காலைல காத்து வடிகட்டியைத்தான் துடைச்சேன் மேடம். வேற எதையும் தொடல."

"நான் ஒரு மாசமா இந்த ரூமுக்குள்ள கால் வைக்கல" என்றார் ஈப்பன். பரீத் பெட்டியின் கதவை ஆவலோடு பிடித்து இழுக்க, ஈப்பன் குறுக்கிட்டார். "இக்கா, அந்தப் பக்கம் இல்ல. இப்ப இடப்பக்கமாத்தான் திறக்கும்."

பாகீரதி கதவின் கீலை ஒருமுறை பார்த்தார். திங்கட்கிழமைப் பதிவு முழுவதையும் எடுத்துத் தரச் சொல்லி ஷினோஜிடம் கேட்டார். பிறகு மொட்டை மாடிக்குப் போய்த் தகடுகளை எண்ணினார். எல்லாம் சேர்ந்து உச்சி வெயிலில் நூற்றிருபது கிலோவாட் தரும். இறங்கும்போது ஐந்தாவது மாடித் தையல் கூடத்தில் நின்றார். கூரையின் சூடு தலையில் இறங்கியது. முப்பது பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை ஏசி ஓடிச்சா?"

"மத்தியானம் நின்னுடுச்சு சேச்சி. நம்ம ரஜூலா மயங்கி விழுந்துட்டா, நாலு மாசக் கர்ப்பிணி. நல்லவேளை, ரெண்டு மணிக்குள்ள திரும்ப வந்துடுச்சு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, டயாலிசிஸ் மையத்தின் சிறிய அலுவலக அறையில் ஈப்பன், ஷினோஜ், ஜெசிந்தா மூவரையும் பாகீரதி உட்காரவைத்தார்.

"காலை எட்டு இருபத்திரண்டுக்கு வெயில் எப்படி இருக்கும்? நூத்திருபது தர்ற தகடு அந்நேரம் அம்பதைத் தாண்டாது. தொண்ணூத்தாறு வரணும்னா சூரியன் தலைக்கு மேல நிக்கணும்."

"அப்ப கடிகாரம் பொய் சொல்லுது!" பரீத் துள்ளினார்.

"ஆமா. முழுப் பதிவையும் பாத்தேன். மின்சாரம் போனது அதுல காலை பதினொன்னு நாப்பது. நமக்கெல்லாம் தெரியும், சாயங்காலம் அஞ்சு பத்து. புதுப் பலகைக்கு நம்ம ஊர் நேரத்தை யாரும் வைக்கல. அது லண்டன் பக்கத்து நேரத்துல ஓடுது. அஞ்சரை மணி நேரம் பின்னால. அப்போ எட்டு இருபத்திரண்டுங்கறது மத்தியானம் ஒன்னு அம்பத்திரண்டு."

ஷினோஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அந்நேரம் ஷினோஜ் அங்க இல்ல. இன்ஜினியர் ஊர்லயே இல்ல. ஒரு மாசமா உள்ளே போகாத ஒருத்தருக்கு மட்டும், ரெண்டு வாரம் முன்னாடி வந்த பெட்டி எந்தப் பக்கம் திறக்கும்னு தெரிஞ்சிருந்தது." பாகீரதியின் குரல் தணிந்தது. "கட்டடம் கரண்டை அதிகமா இழுத்தா முதல்ல நிக்கிறது கடைசி மாடி ஏசி. இருப்பைக் குறைச்சா பேட்டரி கைகொடுக்கும், ஏசி நிக்காது; ஆனா சாயங்காலத்துக்குள்ள பேட்டரி காலி. தையல் கூடத்துல அந்தப் பொண்ணு விழுந்ததைப் பாத்தீங்க, இல்லையா ஈப்பன்?"

ஈப்பன் தலையசைத்தார். "வாயெல்லாம் வெளுத்துப் போயிருந்தா. ஒரு மணி நேரம்தானே, அப்புறம் மாத்திடலாம்னு கீழே போய்க் குறைச்சேன். மேனேஜர்ங்கறதால வாட்ச்மேன் கையெழுத்தும் கேக்கல. போன் மேல போன் வந்து மறந்துட்டேன். அந்தத் தாளைப் பாத்தப்ப... எட்டு இருபத்திரண்டுன்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

"மறந்தது தப்பு. வாயை மூடினது பாவம்" என்றார் பாகீரதி.

ஷினோஜ் எழுந்தான். அடிப்பானோ என்று பரீத் நடுவில் போய் நின்றார். ஆனால் அவன் குரல்தான் உடைந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே சார். கீழே நகைக்கடைல ஏசியைக் கொஞ்சம் குறைச்சிருப்பேன். மேல காத்தும் வந்திருக்கும், இங்க ஒன்னும் ஆகியிருக்காது."

ஈப்பன் அங்கேயே ஒரு தாள் வாங்கி, நடந்ததை உரிமையாளருக்கு எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் வேலை இனி தனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அடுத்த அறைக்கு நடந்தார். மூன்றாவது கட்டிலில் ஏலிக்குட்டி படுத்திருந்தார், கையில் குழாயோடு.

ஈப்பன் நடந்ததைச் சொல்லி முடித்தார். அவர் கண்ணீரைப் பார்த்துக் கிழவி இரக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"நான் செத்திருப்பேன் மோனே" என்றார் கடைசியில். "அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணும் வயித்துப் புள்ளையும் சுகமா இருக்காங்களா?"

"இருக்காங்க அம்மச்சி."

"அப்ப போய் அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேளு. என்கிட்ட அப்புறம் வா."