சூடு ஏறினால்தான் பிடிக்கும்

மார்கழிப் பனியில் இரவெல்லாம் நின்ற கார் சில்லென்றுதான் இருக்க வேண்டும். காலடிப்பேட்டைச் சந்தில், குழாயடிக் குடங்களை ஒட்டி நின்ற அந்தப் பழைய சிவப்புக் காரின் கண்ணாடியெல்லாம் ஈரம் கோத்திருந்தது, கதவைத் தொட்டால் விரல் விறைத்தது. ஆனால் செருப்பு வார் அவிழ்ந்ததென்று முன்சக்கரத்தின் பக்கம் குனிந்த மகிழினியின் முகத்தில் அனல் அடித்தது. கூடவே ஒரு நெடி. மலையிறங்கும் லாரியிலிருந்து வருமே, அந்தக் கருகிய பிரேக் நெடி. கார்ச் சாவி ராத்திரி முழுக்க அவள் தலையணைக்குக் கீழேதான் இருந்தது.

அவள் புருஷன் தீனா இருந்தவரை அது சந்தோஷத்தின் நெடி. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இருவரும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வருவார்கள். பிள்ளைகுட்டி பெறுகிற வயதில் இதுகள் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறதுகளே என்று சொந்தபந்தம் சிரிக்கும். தடத்துக்காக, சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேடுகளில் பந்தய ரகம் வாங்கி மாட்டியவன் தீனாதான். சாதாரண பேடு தடத்தில் நாலு சுற்று சுற்றினால் சூடாகிக் கைவிட்டுவிடும். பந்தய பேடு நேர்மாறு, சூடேறினால்தான் கவ்வும், சில்லென்று இருந்தால் வழுக்கும். அதனால் ஓட்டிவிட்டு வந்ததும் கழற்றிவிட்டு, ரோட்டுக்கு உண்டானதை மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் எவன் சக்கரம் கழற்றுவது என்று சோம்பேறி அப்படியே விட்டுவிட்டான்.

அதற்குப் பரிகாரமும் அவனே செய்தான். எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு அவள் காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன், காரைத் தேரடி வரை ஓட்டி, பிரேக்கை அழுத்தி அழுத்திச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்துவான். "சூடு ஏறினாத்தான் புடிக்கும். உன்னாட்டமே" என்பான். சண்டை போட்ட பிறகுதான் அவளுக்குக் கொஞ்சத் தோன்றுமாம்.

ஐப்பசியில் ஒரு விடியலில் அவள் எழுப்பினாள், அவன் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது. அது தெரியாமல் அவன் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் மாற்றி மாற்றித் தேய்த்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர் அவள் தோளைத் தொட்டு, போதும்மா என்று நிறுத்தும்வரை தேய்த்தாள். சூடு ஏறவே இல்லை.

சக்கரம் சுட்டதற்கு அவள் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பேச நாதியில்லாத வீட்டில், தனக்காக ஒருவன் இன்னும் ஒரு வேலை செய்துவைக்கிறான். அன்று எண்ணூர் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே முதல் மிதியிலேயே பிரேக் கப்பென்று பிடித்தது. பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து, தேங்க்ஸ்டா என்றாள். மறுநாள் காலை குளிப்பதற்கு முன்னாலேயே கீழே இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடு நாளுக்கு நாள் கூடியது. சக்கரத்தோரம் படுத்திருந்த தெருநாய் ஒரு விடியலில் வீறிட்டு ஓடியது, அதன் விலா மயிர் பொசுங்கியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இருட்டில், சக்கரக் கம்பிகளுக்குப் பின்னால், பிரேக் தட்டு மங்கலாகச் சிவந்திருந்தது. கார் நகரவே இல்லை. டயரைச் சுற்றி நேற்று உதிர்ந்த வேப்பிலைகள் கலையாமல் கிடந்தன.

அன்று மாலையே ராயபுரம் போனாள். லியாகத் அலி பிரேக் வேலை மட்டும் பார்க்கிறவர், தீனாவுக்குத் தோஸ்து. பழைய பேடைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்கிற கட்டை முழுக்கப் போய் வெறும் இரும்புத் தகடுதான் மிஞ்சியிருந்தது.

"ரோட்டுல ஓட்டுனா இப்டி ஆவாதும்மா. யாரோ நிறுத்தாம தேச்சிக்கினே இருந்தா மாரி கீது."

தேச்சிக்கினே என்று கேட்டதும் அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். ரோட்டுக்கும் ஆகும், எப்போதாவது தடத்துக்கும் தாங்கும் என்று நடுத்தரமாக ஒரு பேடை அவர் எடுத்து வைத்தார்.

"தடத்துக்கு இனிமே போவல பாய். சில்லுனு கெடந்தாலும் புடிக்கிறதா குடுங்க. யாரும் சூடு பண்ணத் தேவயில்லாதது."

அவர் நடுத்தரத்தை உள்ளே வைத்துவிட்டு, சாதாரண ரோட்டு பேடை எடுத்து மாட்டினார். பழையது, கழிவு இரும்பு போடும் காயலான் டிரம்முக்குள் விழுந்தது. திரும்பும் வழியெல்லாம் புது பேடு சத்தமில்லாமல் சாதுவாகப் பிடித்தது. அவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு வருவதுபோல அவளுக்கு இருந்தது.

மறுநாள் விடியலில் சக்கரம் ஐஸாக இருந்தது. நெடியில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஈர இரும்பின்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. சாவியைத் திருப்ப முடியவில்லை.

அவள் கைகளை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து. மெதுவாக. அன்று அவள் தேய்த்தாளே, அதே மாதிரி. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் கைத்தோல் மட்டும் நகர்ந்தது. இதமாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளைத் தொடுகிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சூடு ஏறியது.

போதும், தீனா.

நிற்கவில்லை. இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை. வேகம் கூடியது. கண்ணாடியெல்லாம் ஆவி. வெளியே சந்தில் யாருமில்லை. தோளைத் தொட்டு, போதும் என்று அவனை நிறுத்த ஒருவருமில்லை.

அந்த நெடி வந்தது. சக்கரத்திலிருந்து அல்ல.

இருட்டில், மடியின்மேல், அவள் உள்ளங்கைகள் மங்கலாகச் சிவக்கத் தொடங்கின.