அடுப்பைத் திறந்தது யார்?

போன் அலறியது!

நாற்பதடி உயரச் சாரத்தின் உச்சியில், பல்லுக்கிடையில் இரண்டு கொக்கிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு கண்ணாடி இதழைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் கண்ணாடிக்காரி.

மொத்தம் அறுநூறு இதழ்கள். கையிலிருப்பது ஐந்நூற்றுத் தொண்ணூறாவது. கூரையிலிருந்து தொங்கப்போகும் ராட்சசக் கண்ணாடிப் பூ. புதிய நூலகத்தின் திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்தே நாள்!

கொக்கிகளைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"என்னங்க... வேலையா இருக்கேன்!"

"உடனே பட்டறைக்கு வா!" கணவர் கத்தினார். "இங்க... இங்க ஒரு பொணம் கிடக்கு!"

"அடுப்புக் கதவு மூடியிருக்கா?"

"ஏய்! பொணம்னு சொல்றேன்!"

"காதுல விழுந்துச்சு. அடுப்பு?"

மறுமுனையில் செருப்புச் சத்தம் நகர்ந்து போய் நின்றது.

"திறந்து கிடக்கு."

அப்போதுதான் அவள் அலறினாள்!

பட்டறை வாசலில் போலீஸ் ஜீப். உள்ளே, சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார் கலைக் கேலரி நடத்தும் கேலரிக்காரர். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

பாவம், நல்ல மனிதர்தான். பதினாலு வருஷமாக "கண்ணாடியா? விளக்குக் கடையில போய்க் கேளுங்கம்மா", "அழகா இருக்கு, ஆனா இது கலையா?" என்று விரட்டப்பட்டவளுக்கு முதல் பெரிய வேலையாக இந்த நூலகத்தை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

அவரை ஒரே எட்டில் தாண்டி, வார்த்த கண்ணாடியை ஆற வைக்கும் அடுப்புக்கு ஓடினாள்.

உள்ளே அந்தப் பூவின் நடுப்பாகம். தொண்ணூறு கிலோ. பதினோரு நாளாக ஆறிக்கொண்டிருந்தது.

மூன்று துண்டாக வெடித்துக் கிடந்தது!

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"செத்தவரைப் பார்த்து ஒரு சொட்டு வரல. கண்ணாடியைப் பார்த்து ஒரு குடம் வருது. என்ன மேடம் இது?"

"சார், இன்னும் மூணு நாள்... மூணே நாள் விட்டிருந்தா ஆறியிருக்கும்! இவ்வளவு கனமான கண்ணாடியை மணிக்கு ஒரு டிகிரி, ரெண்டு டிகிரின்னு கொஞ்சங்கொஞ்சமா இறக்கணும். நடுவுல கதவைத் திறந்தா மேல் தோல் சட்டுனு சுருங்கும், உள்ள சூடா இருக்கிற பாகம் சுருங்காது. படார்! எந்த மடையன் சார் திறந்தான்?"

"கொன்னது யாருன்னு நான் தேடறேன். திறந்தது யாருன்னு நீங்க தேடறீங்க."

"ரெண்டும் ஒரே ஆள்தான் சார்! நானும் இவரும் செத்தாலும் அந்தக் கதவைத் தொட மாட்டோம்."

கணவர் அவசரமாகத் தலையாட்டினார். அந்த அடுப்புக்கு வயரிங் செய்தவரே அவர்தான்.

"பட்டறைக்கு எத்தனை சாவி?"

"மூணு. எங்க ரெண்டு பேர்கிட்ட ரெண்டு. ஆட்களைக் கூட்டிட்டு வந்து காட்டறதுக்காகக் கேலரிக்காரர்கிட்ட ஒண்ணு."

"நேத்து சாயங்காலம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல செத்திருக்கார். நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. ஆறரைக்கே கிளம்பிட்டேன். இவரைக் கேளுங்க."

"வீட்டுக்காரர் சாட்சி வீட்டுக்கு உதவும். கோர்ட்டுக்கு உதவாது." செத்தவரின் போனை நீட்டினார் இன்ஸ்பெக்டர். "நேத்து மத்தியானம் இவர் உங்களுக்கு அனுப்பினது. 'நடுவுல பிளாஸ்டிக் வெச்சா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?' அதுக்கு உங்க பதில்..."

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரே வார்த்தை. 'கொன்னுடுவேன்!'"

"அது... எல்லாரும் சொல்றதுதானே சார்..."

"சொன்ன அன்னிக்கே ஆள் சாகறது எல்லாருக்கும் நடக்காது மேடம்."

கணவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எதால அடிச்சாங்க?" அவள் கேட்டாள்.

"தெரியல. பட்டறை முழுக்கத் தேடியாச்சு. காயம் விசித்திரமா இருக்கு. முக்கோணமா, ஓரமெல்லாம் கத்தி மாதிரி."

சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார்.

அவள் முகம் மாறியது.

"இது டிராபி சார்! சிற்பிகள் சங்கம் போன மாசம் குடுத்த கண்ணாடி டிராபி. அதோட அடிப்பாகம் இதே அளவு. மூணு பேருக்குக் குடுத்தாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே செஞ்சேன்!" எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "பதினாலு வருஷமா அந்தப் போட்டிக்கு என் சிற்பத்தை அனுப்பறேன். பதினாலு வருஷமும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா டிராபி ஆர்டர் மட்டும் வருஷா வருஷம் தவறாம எனக்கு வந்துடும்!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்ப நாலாவதா ஒண்ணு உங்களாலயும் செய்ய முடியும்!"

தன் வாயாலேயே கெட்டாள்!

அவள் சட்டென்று எழுந்தாள். மறுபக்கம் இரைந்துகொண்டிருந்த உலையிடம் போனாள். வருஷம் முழுக்க அணையாமல் எரியும் உலை. உள்ளே ஒரு பெரிய பானை நிறையக் கண்ணாடிக் குழம்பு. நீண்ட ஊதுகுழாயை விட்டுத் தேனைச் சுற்றுவதுபோல் கொஞ்சம் சுற்றி எடுத்தாள்.

"பாருங்க சார்! உள்ள பூரா முட்டை முட்டையாக் காத்துக்குமிழ். நேத்து நான் கிளம்பும்போது ஒரு குமிழ்கூட இல்ல. மட்டமும் ஒரு விரக்கடை ஏறியிருக்கு. யாரோ உள்ள என்னமோ போட்டிருக்காங்க!"

"டிராபியையா?"

"கண்ணாடியை ஒளிச்சு வைக்க இதைவிட நல்ல இடம் ஏது? அது உருகி, கலந்து, காணாமப் போயிருக்கும்."

"அப்படின்னா ஆதாரமும் காணாமப் போச்சு. போட்டது நீங்க இல்லன்னு எப்படி நம்பறது? உலையை அணைச்சுட்டு ஜீப்புல ஏறுங்க."

"அணைச்சா பானையே வெடிச்சிடும் சார்!"

"மேடம்... உங்க வாழ்க்கையில வெடிக்காத சாமான் ஏதாவது இருக்கா?"

பதினாலு வருஷ உழைப்பு. ஐந்து நாளில் கிடைக்க வேண்டிய பேர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் ஜீப்பில் ஏறப்போகிறது! அவளுக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. உடைக்கவும் எதுவும் மிச்சமில்லை.

வெளியே கார் சத்தம்.

"யார் சார் அது?"

"நேத்து இவருக்குக் கடைசியா போன் பண்ணின ஆள். வரச் சொல்லியிருந்தேன். வெண்கலச் சிலை செய்யற பெரிய ஆளாம்."

வெண்கலம்! அவளோடு ஒரே கல்லூரியில் படித்தவன். நூலக வேலை தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். இந்த வருஷம் முதல் பரிசு வாங்கினவன்.

"சார், பத்து நிமிஷம் அவரை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுங்க. அப்புறம் நானே ஜீப்புல ஏறிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தே நிமிஷம்."

அவர் வெளியே போனதும் கணவரின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அவர் பதறினார்.

"பைத்தியமா உனக்கு? மொத்தமும் பாழாயிடும்!"

"போய் எடுத்துட்டு வாங்கன்னா..."

சரியாகப் பத்து நிமிஷம் கழித்து வெண்கலம் உள்ளே வந்தான். சென்ட் மணம் அவனுக்கு முன்னால் வந்தது.

"அடடா... எவ்வளவு நல்ல மனுஷன்! நேத்து சும்மா விசாரிக்கத்தான் போன் பண்ணினேன் சார்."

"உன் டிராபி எங்க?" கண்ணாடிக்காரி கேட்டாள்.

"வீட்டுல, பீரோவுல."

"வரவழைச்சுக் காட்டேன்."

"சாவி என் மனைவிகிட்ட இருக்கு. அவ வெளியூர் போயிருக்கா. ஏன், அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அது இங்கதான் இருக்கு."

ஊதுகுழாயை உலைக்குள் விட்டுச் சுற்றி எடுத்தாள். நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது குழம்பு. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஜொலிப்பு மெல்ல அடங்கியது... அடங்கியது...

நீலம்! பேனா மை மாதிரி அடர்ந்த நீலம்!

"என் பானையில இருந்தது நிறமில்லாத கண்ணாடி. இந்த நீலம் உன் டிராபியில இருந்து வந்தது," என்றாள் நிதானமாக.

வெண்கலத்தின் நெற்றி வியர்த்தது.

"உளறாத! என் டிராபியில ஏது நீலம்?"

"உள்ள இருந்துச்சு. குப்பையில கிடந்த நீல மருந்து பாட்டிலை உருக்கி, நிறத்தை அடக்கற பொடி போட்டு வார்த்தேன். பார்க்கத் தெரியாது, மறுபடி உருக்கினாத்தான் நீலம் தெரியும். உன் வேலைக்கு அது போதும்னு தோணிச்சு."

"மருந்து பாட்டிலா?" அவன் முகம் செக்கச்செவேலென்று ஆனது. "முதல் பரிசுடி அது! முதல் பரிசு! சார், இவ பொய் சொல்றா! சுத்தமான கண்ணாடி சார்! பொட்டு நீலம் கிடையாது! உருகி முழுகற வரைக்கும் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு, நான் பார்த்துக்கிட்டே..."

நிறுத்தினான்.

வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள்.

"பார்த்துக்கிட்டே...?" இன்ஸ்பெக்டர் இனிமையாகக் கேட்டார். "சொல்லுங்க சார். பீரோவுக்குள்ளயா உருகிச்சு?"

வெண்கலம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

"டிராபியைக் காட்டி நியாயம் கேட்கத்தான் வந்தேன் சார். முதல் பரிசு வாங்கினவன் நானிருக்க, விளக்கு செய்யறவளுக்கா நூலகம்னு கேட்டேன். 'அந்த டிராபியே அவ செஞ்சதுதானேய்யா'ன்னு சிரிச்சார். ஓங்கிட்டேன். பயத்துல ஒளிச்சு வைக்க முதல்ல அந்த அடுப்பைத் திறந்தேன். உள்ள சிவப்பே இல்ல, அணைஞ்சு கிடக்கு போலன்னு விட்டுட்டு அடுத்ததைத் திறந்தேன்..."

"அடப்பாவி! வெண்கலம்னா மறுநாளே அச்சை உடைச்சுப் பார்ப்பே! இது கண்ணாடிடா! நீதானா திறந்தவன்!"

ஊதுகுழாயோடு அவள் பாய்ந்தாள். கணவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் சேர்ந்துதான் பிடிக்க முடிந்தது.

வெண்கலத்தை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"அந்த நீலம்?"

"பத்து நிமிஷம் குடுத்தீங்களே சார்... ஒரு டப்பா நீலப் பொடி."

"பலே ஆள் மேடம்! சரி, விழாவுக்கு நடுவுல என்ன தொங்கவிடுவீங்க? இனி பதினாலு நாள் ஏது?"

"கனமா வார்த்தாத்தான் பதினாலு நாள். மெல்லிசா ஊதினா மறுநாளே ஆறிடும். இந்தப் பானை நீலத்துல இருநூறு துளி ஊதி நடுவுல கொத்தா விடப்போறேன். இப்பவே ஆரம்பிச்சாத்தான் முடியும்."

முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"அது... முடியாது மேடம். கொலை ஆயுதம் அதுக்குள்ள கரைஞ்சிருக்கு. பானையில இருக்கிற மொத்தத்தையும் நான் கைப்பற்றியாகணும். சட்டம்!"

சிரிப்பு போயே போய்விட்டது.

விளக்குக் கடைக்குப் போ, கலையா இது, பிளாஸ்டிக் வை... பதினாலு வருஷம் கேட்டதெல்லாம் போதாதென்று இப்போது சட்டம்! அவள் விறுவிறுவென்று நடந்து உலையின் கதவை முழுசாகத் திறந்தாள். அனல் பாய்ந்தது. இன்ஸ்பெக்டரின் மீசை நுனி பொசுங்கியது. அவர் நாலடி பின்னால் தாவினார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்," என்றாள் கண்ணாடிக்காரி. "ஆயிரத்து நூறு டிகிரி... பை கொண்டுவந்திருக்கீங்களா?"