சுவர் பக்கம் திரும்பிய திலகம்

மலையூரான பிரிஞ்சாங்கில் ஓவியர் அர்ஜுனன் வாழ்ந்த வீட்டில் எல்லாப் படங்களும் கூடத்தைப் பார்த்திருந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் தொங்கியது.

அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று ருக்குமணி வாசலிலிருந்து வரிசையாக வந்தாள். கோலாலம்பூர் வரை பேர் வாங்கிய கொழுந்துக் கூடைப் படங்கள், பனியில் கரையும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகள். வெளியே தேயிலைச் சரிவுகளில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் ஈர மண் வாசம் அடித்தது, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது. அவள் தேடி வந்த அக்கா திலகம் எந்தப் படத்திலும் இல்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டு மண்சரிவு அக்காவை வீட்டோடு மூடியது. உடல் கிடைக்கவில்லை. ஒரு போட்டோகூட இல்லை. அப்படிப் போனவர்களுக்குக் கருமாதிப் படம் வரைய, இரத்த உறவில் ஒருவரை எதிரே உட்காரவைப்பது அர்ஜுனனின் வழக்கம். கண்களை மட்டும், உட்கார்ந்தவர் கிளம்பிப்போன பிறகே வரைவார். உறவைப் பார்த்துவிட்ட கண் மறுபடி மூடாது என்பார். ருக்குமணி கிளம்பவில்லை. அக்கா தன்னை ஒரு தடவை பார்க்கட்டும் என்று அழுதாள். அவரும் மனமிரங்கி அவள் எதிரிலேயே கண்களை வரைந்துவிட்டார். அம்மா இறந்ததும் அவரே வந்து படத்தைக் கேட்டு வாங்கிப்போனார். இந்த எண்பத்தாறில் அக்காவின் முகம் அவள் நினைவில் மங்கிவிட்டது. அந்த முகத்துக்காகத்தான் வந்திருந்தாள்.

அவள் கை அந்தப் படத்தை நோக்கிப் போவதை அர்ஜுனனின் மனைவி சந்திரமதி பார்த்துவிட்டாள்.

“அத தொட வேணாம்லா. சாகுற வரைக்கும் அவரே அத திருப்பல.”

“எங்க அக்கா, ஆன்ட்டி. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்.”

“நான் பாத்தேன், புள்ள. அவ இன்னும் தூங்கல.”

சந்திரமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ருக்குமணி படத்தைத் திருப்பினாள். கயிறு முனகியது. கண்ணாடி சில்லென்றிருந்தது.

அன்று வரைந்த நீலப் புடவை இல்லை. மண். கழுத்து வரை மண்.

முகம் அக்காவுடையதுதான். அவள் மறந்துபோன உதட்டோர வடு. சிறிய மூக்குத்தி. ஆனால் காதோரம் நரை. ஒட்டிய கன்னம். தன்னோடு சேர்ந்தே வயதாகியிருந்தது.

“அக்கா.”

கண்கள் நகர்ந்தன. அவளைக் கண்டுகொண்டன.

கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்ளிருந்து. மறைந்தது. மறுபடி படிந்தது.

மண்ணிலிருந்து ஒரு கை எழுந்து அதில் பதிந்தது. ருக்குமணி இந்தப் பக்கம் தன் கையை வைத்தாள். அந்தப் பக்கம், விரல்கள் சுரண்டத் தொடங்கின.