ஓரத்தில் இருந்த கை

படத்தின் இடது ஓரத்திலிருந்து நீண்டு, அவளுடைய அக்காவின் தோளில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

படத்தொகுப்பில் இதெல்லாம் சகஜம் என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டாள். அந்தக் காலத்துத் தொடர். டிவியில் சதுரமாகத்தான் வந்தது. ஆனால் பிலிமில் இரு ஓரமும் மிச்சமிருந்தது. இன்றைய அகலத் திரைக்காக அந்த ஓரங்களைத் திறந்தால் மைக்கும் விளக்கும் ஆட்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களைத் துடைத்தெடுப்பதுதான் அவளுடைய பிழைப்பு.

மேலாளருக்கு போன் போட்டாள்.

“எவனாவது லைட்காரனா இருப்பான். தொடச்சிட்டுப் போய்க்கிட்டே இருங்க மேடம்.”

இந்தத் தொடரை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். இதில் சிறுமியாக நடித்தவள் அவளுடைய அக்கா. படப்பிடிப்பு முடிந்த கையோடு ஒருநாள் தூங்கப் போனவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் அக்காவை நினைக்க மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். அந்த முகத்தை ஆசைதீரப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அக்கா எந்தக் காட்சியிலும் ஓரத்தையே பார்த்தாள். “பயந்தாங்கொள்ளி, நேரா பாக்குதா பாரு” என்று, அக்கா இருந்த நாட்களில் டிவி முன்னால் உட்கார்ந்து அம்மா கிண்டலடிப்பாள். வீடே சிரிக்கும்.

அடுத்த காட்சியிலும் கை இருந்தது. தோட்டத்தில், வகுப்பறையில், கட்டிலில். இடம் மாறியது, உடை மாறியது, கை மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஜன்னலில்லாத அந்த அறையில் காயாத துணியின் வாடை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. யாரும் உட்காராத பக்கத்து நாற்காலி லேசாக முனகியது. ஏசிக் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

துடைத்து முடித்து, முதலிலிருந்து ஓட்டினாள்.

அக்கா ஓரத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள். எல்லாக் காட்சியிலும். இவளை.

இல்லை. இவளுக்குச் சற்று இடப்பக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சதுர அளவுக்கு மாற்றினாள். படம் நடுவில் சுருங்கியது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை, கண்ணாடிபோல். இடது பட்டையில் அவளுடைய தோள் தெரிந்தது.

அதன்மேல் நான்கு விரல்கள்.

துடைத்ததையெல்லாம் மீட்க ஒரு பொத்தான் போதும். கை அக்காவிடமே திரும்பிவிடும். அவள் விரல் பொத்தானைத் தொட்டது. திரையில் அக்கா வேண்டாமென்று தலையாட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

“சரிக்கா.”

நாற்காலி மறுபடி முனகியது. கறுப்புப் பட்டையில், கட்டைவிரலும் மெல்ல வந்து தோளில் படிந்தது.