போய்வரல் பயிற்சி

காலை இட்லி ஆறுவதற்குள் என் மனைவி பத்துப் பன்னிரண்டு முறை வீட்டை விட்டுப் போய்விடுவாள். கொக்கியிலிருந்து சாவியை எடுப்பாள், செருப்பை மாட்டுவாள், "வாரேன்" என்பாள். கதவு திறந்து மூடும். சற்று நேரத்தில் திரும்பி வருவாள். நானும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, எங்கள் நாய் மக்ரூனும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

போய் வந்துகொண்டிருந்தது ஜெனிட்டா அல்ல, அவளுடைய ஒளியுரு. நிஜ ஜெனிட்டா அப்போது குளித்துக்கொண்டிருப்பாள், அல்லது என் எதிரிலேயே உட்கார்ந்து அதே இட்லியைத் தின்றுகொண்டிருப்பாள்.

தூத்துக்குடியின் பகல் வெயில் ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டிய பிறகு, அடுக்ககங்களில் எல்லாம் காற்றடைப்புக் கதவுகள் வந்துவிட்டன. விளிம்பு ரப்பர் கிழிந்தால் அனல் உள்ளே புகுந்து மாடி முழுவதும் வெந்துபோகும். தனியாக விடப்பட்ட நாய் முதலில் கடித்துக் குதறுவது அந்த ரப்பரைத்தான். அதனால் அடுக்ககக் குழு ஒரு விதி போட்டது. மூன்று முறை கதவைப் பிறாண்டிய நாயைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் மக்ரூன் ஏற்கெனவே இரண்டு முறை பிறாண்டியிருந்தான்.

துறைமுகக் குப்பையில் கிடந்த குட்டியை ஜெனிட்டாதான் எடுத்து வந்து வளர்த்தாள். அவள் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல்தான் நாய்ப் பயிற்சிக்காரனைக் கூப்பிட்டேன்.

"பிரிவுங்கிறது வெறும் பழக்கந்தான் அண்ணாச்சி," என்றான் அவன், ஜெனிட்டாவின் ஒளியுருவைக் காட்டும் ஒளிவீச்சியைக் கூரையில் பொருத்தியபடி. "சாவிச் சத்தம் கேட்டாலே அதுக்கு நெஞ்சு பதறுது. தெனம் அம்பது தடவ போயிட்டு வந்தா அலுத்துப்போவும். ஒண்ணு மட்டும். நெசமா போவும்போதும் வரும்போதும் கொஞ்சக் கூடாது, தொடக் கூடாது, மூஞ்சியப் பாக்கக் கூடாது."

"எங்களுக்குள்ளயுமா?" என்று சிரித்தாள் ஜெனிட்டா.

"அதான் நல்லது மதினி. நீங்க கொஞ்சினா அதுக்குத் தெரிஞ்சிரும்."

கெட்டிக்காரப் பயல். ஒரே மாதத்தில் மக்ரூன் சாவிச் சத்தத்துக்குக் காதைக்கூட ஆட்டவில்லை. நான் என்னவோ நானே சாதித்த மாதிரி மார்தட்டிக்கொண்டேன். ஜெனிட்டாதான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

"நான் வேலைக்குப் போறதாவது உங்களுக்குத் தெரியுதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எது நெசம்னு எவனுக்குத் தெரியும்?" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கைத்திரையில் கபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சாவிச் சத்தம். செருப்பு. "வாரேன்." நான் நிமிரவில்லை. வழக்கத்துக்கு மாறாக மக்ரூன் எழுந்து கதவுப் பக்கம் ஓடினான். முனகல் கேட்டது.

"லே மக்ரூன், சும்மா கெட. அது நெசமில்ல," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கதவு மூடியது. உடனே பிறாண்டத் தொடங்கினான். நான் எழுந்து போவதற்குள் ரப்பர் கிழிந்து, கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மூன்றாவது முறை. இத்தனை நாள் பயிற்சியும் வீணாயிற்றே என்ற ஆத்திரத்தில் அவனை ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

சாயங்காலம் ஜெனிட்டா நடுக்கடலில் தான் வேலை பார்க்கும் கடல்மேடையிலிருந்து போனில் பேசினாள். அங்கேயே தங்குகிற நிரந்தர வேலை வாங்கிக்கொண்டாளாம். இனி வரமாட்டாளாம்.

"கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னேன்," என்றாள். "அவன் தலையத் தடவிக் குடுத்தேன், அவனுக்குத் தெரிஞ்சிட்டு. நீங்க திரும்பிப் பாத்தா பையக் கீழ வச்சிரணும்னு நெனச்சேன். நீங்க என்னைய நெசமில்லன்னுட்டீய."

நான் என்னென்னவோ உளறினேன். அவள் இடைமறித்துக் கேட்டாள்.

"மக்ரூன் எப்படி இருக்கான்?"

சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்கான்," என்றேன்.

மறுநாள் குழு ஆட்கள் வந்தார்கள். மக்ரூன் அவர்களிடமும் வாலாட்டினான். கொண்டுபோகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தொடாமல், முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அதுதான் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அடுத்த வாரம் ஒளிவீச்சியைக் கழற்றப் பயிற்சிக்காரன் வந்தான். "நாய்தான் இல்லியே அண்ணாச்சி," என்றான். இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போதும் காலை இட்லி ஆறுவதற்குள் அவள் பத்துப் பன்னிரண்டு முறை போகிறாள். போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். திரும்பி வரும்போது மட்டும் எழுந்து ஓடிப்போய்க் கதவருகே நிற்கிறேன். பயிற்சி விதிப்படி, அவள் என் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோகிறாள்.