மரியஜானுக்கு நினைவில்லாத ஒரு மணி நேரம்

"அந்தச் சங்கிலிய நான் எடுக்கேல்ல சார்," என்றாள் ஜின்சி. தக்கலையில் ஒரு பல் மருத்துவமனையில் நர்ஸ். "நாளைக்கு அந்தப் பேஷண்ட் வீட்டுக்காரங்க போலீஸுக்குப் போவாங்களாம். கேஸ் ஆச்சுன்னா குவைத் வேலைக்குப் போலீஸ் சர்ட்டிபிகேட் கிடைக்காது. அடுத்த மாசம் நான் போகணும்."

நேசையன் காவல்துறையில் முப்பது வருஷம் துப்பறிந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதற உதவியாளர் ஷாஜன் இருந்தான். எத்தனை பவுன், யார்மேல் சந்தேகம் என்று ஒரே மூச்சில் கேட்டான்.

"அவ முதல்ல மூச்சு விடட்டும்லே," என்றார் நேசையன்.

நடந்தது இது. முந்தின நாள், மரியஜான் என்ற வயதான மீனவர் கடைவாய்ப்பல் எடுக்க வந்தார். துணைக்கு மருமகள் லீமா. ஈறில் மரத்துப்போகிற ஊசி மட்டும் போதும் என்றார் டாக்டர். ஆழ்கடலில் சுறாவோடு மல்லுக்கட்டிய மனுஷன், வாயருகே ஊசி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூக்கில் மூடி வைத்து மயக்க வாயு கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். கடைசியில் கை நரம்பு வழியாக அரைமயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார்கள்.

"எக்ஸ்ரேக்காகச் சங்கிலியக் கழத்தினது நான்தான். திருப்பிப் போட்டதும் நான்தான். ஆட்டோவுல ஏறும்போது, 'இது எனக்க மவனுக்கது'ன்னு அதப் பிடிச்சுக் காட்டினாரு சார்."

அன்று மதியமே மூவரும் மரியஜானின் கடற்கரை ஊருக்குப் போனார்கள். ஊர் முகப்பில் குருசடி. சிலுவை நட்ட மேடை, கீழே ஒரு கல்லில் ஏழு வருஷம் முன்பு புயலில் போனவர்களின் பெயர்கள். மரியஜானின் மகன் பெயரும் அதில் உண்டு. உடல் கிடைக்கவில்லை. மகன் வந்து கேட்பான் என்று அவன் சங்கிலியை மரியஜான் தன் கழுத்தில் போட்டிருந்தார். குருசடிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்.

மரியஜான் கன்னம் வீங்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜின்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கள்ளிய எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தியரு?"

"நேத்து என்னெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் நேசையன்.

"கையில குத்தினாவ. பிறவு இந்தக் கட்டில்ல முழிச்சேன். சாயங்காலம் ஆயிட்டு."

"நான் கூடவே இருந்தேன்," என்றாள் லீமா. "ஆட்டோவுல வழி முழுக்க மாமா எனக்க தோள்ல சாஞ்சு தூங்கினாவ. வீட்டுல வந்து பாத்தா சங்கிலி இல்ல."

கட்டில் கம்பியில் நேற்றைய வேட்டி துவைக்காமல் கிடந்தது. நேசையன் அதை விரித்துப் பார்த்தார். முழங்கால் படும் இடம் இரண்டிலும் மண். ஓரத்தில் வெள்ளையாக ஒரு துளி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தவர், ஷாஜன் காதில் ஏதோ சொன்னார். அவன் போனோடு வெளியே ஓடினான்.

"லீமா, தோள்ல சாஞ்சு தூங்கினவருக்கு முட்டுல மண் எப்படி ஒட்டும்? இது மெழுகு. ஆளு எங்கயோ முட்டுகுத்தி மெழுகுதிரி கொளுத்தியிருக்காரு. நீ கூட இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

லீமா தலை குனிந்தாள்.

"முழிச்சிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?" என்றார் மரியஜான்.

"அதான் இந்த மருந்துக்க குணம். ஆளு நடப்பாரு, பேசுவாரு, கேட்டதுக்குப் பதில் சொல்லுவாரு. ஒண்ணும் மனசுல நிக்காது. அதுக்காகத்தான் துணைக்கு ஆள் வேணும்னு கையெழுத்து வாங்குதாங்க."

ஷாஜன் திரும்பி வந்தான். "ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டேன் சாரே, பகவதியப்பன்னு டிரைவர். இந்த அக்கா தக்கலை முக்குலயே இறங்கிட்டாங்களாம். பெரியவரு குருசடியில நிறுத்தச் சொல்லி, கால் மணி நேரம் முட்டுகுத்தி இருந்தாராம். அழுதாராம்."

"நானா?" என்றார் மரியஜான். "நான் அங்க போனதே இல்லய்யா."

எல்லாரும் குருசடிக்கு நடந்தார்கள். சிலுவையின் வலது கையில், வாடிய பூமாலைக்கு அடியில் சங்கிலி தொங்கியது. குருசடியில் வைத்ததை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்காக யாரும் அங்கே திரி கொளுத்துவதும் இல்லை. மரியஜான் அந்தக் கல்லில் மகன் பெயரைத் தேடிப் படித்தார்.

"வக்கீலப் பாக்கப் போனேன் மாமா," என்று லீமா உடைந்தாள். "ஏழு வருஷம் ஆளு வரலன்னா செத்ததா எடுத்துக்கிடலாம்னு சட்டம் இருக்காம். அவரு இறந்துட்டாருன்னு கோர்ட்டுல மனு குடுக்க. உங்ககிட்ட சொல்ல முடியாமத்தான் கூட இருந்தேன்னு சொல்லிட்டேன். இந்தப் பிள்ளைமேல பழி விழுந்த பிறவும் பேசாம இருந்தேன். தப்புதான்."

"சங்கிலிய எடுத்துக்கிடுங்க," என்றான் ஷாஜன் மெதுவாக.

"வேண்டாம். அவனுக்கது அவன்கிட்ட இருக்கட்டு." மருமகளின் தலையில் கை வைத்தார். "எனக்க கையெழுத்து வேணும்னா சொல்லு ஏட்டி, போடுதேன்."

பிறகு ஜின்சியிடம் வந்து கைகூப்பினார். "மக்கா, உன்னக் கள்ளின்னு சொன்ன வாய் இது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாறேன். எல்லாரு முன்னாடியும் வச்சு, சத்தமா..."

"வாய ரொம்பத் திறக்காதீங்க," என்றாள் ஜின்சி. "தையல் பிரிஞ்சிரும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.