ஒரே வட்டில் இருவர்

கணினி தவறான பக்கத்தில் திறந்திருந்தது.

ஆர்வித் ஹௌகன் கதவருகிலேயே நின்றுவிட்டார். தங்கை சோல்வெய்யை அடக்கம் செய்துவிட்டு வந்தவர், பனி படிந்த கறுப்புக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவளுடைய அறையில் இருந்த அந்தக் கணினிப் பெட்டியில் இரண்டு பக்கங்கள் உண்டு. விண்டோஸ் அவருடையது, லினக்ஸ் அவளுடையது; ஒரே வட்டுக்குள் இரண்டு குடித்தனம். இப்போது ஒளிர்ந்துகொண்டிருந்தது அவளுடைய பக்கம். அது திறக்க வழியே இல்லை. திறக்காதபடி செய்தவர் அவர்தான்.

பக்கவாதம் சோல்வெய்யின் பேச்சைப் பறித்தபின் அந்தப் பக்கம்தான் அவளுக்கு வாய். அவள் ஒற்றைக் கையால் தட்டுவாள். பெட்டி ஏற்ற இறக்கமில்லாத பெண் குரலில் பேசும். அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு நாள் அது சொன்னது: "அண்ணா, என் பொண்ணக் கண்டுபிடிச்சுட்டேன். சர்ச்ல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்."

கல்யாணமாகாமல் அவள் பெற்ற குழந்தை. அப்பா யாருக்கும் தெரியாமல் தத்துக் கொடுத்துவிட்ட குழந்தை. ஆர்வித்தின் மனைவி மிர்னாவுக்குக்கூட அது தெரியாது. ஹௌகன் என்பது அந்தத் தேவாலயத்தின் முதல் கல்லில் செதுக்கிய பெயர். அதன்மேல் சேறு விழ அவர் விடுவாரா?

அரசு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவருக்கு வழி தெரிந்திருந்தது. வட்டை எந்த முறையில் படிப்பது என்று பெட்டிக்குச் சொல்லும் அமைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். ஏ.எச்.சி.ஐ. என்றிருந்த முறை ரெய்டு என்ற முறையாயிற்று. தம்முடைய விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் எழும்படி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் அது புது ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டது. தங்கையின் பக்கம் மட்டும் பாதி எழுந்து, வட்டைத் தேடி, காணாமல், கறுத்து நின்றது.

"பெட்டி கெட்டுப்போச்சும்மா," என்றார்.

அவள் நம்பவில்லை. கண்ணிலேயே தெரிந்தது. சாகும்வரை அந்தக் கறுப்புத் திரைமுன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அறையில் அவள் தோளுக்குத் தேய்த்துக்கொள்ளும் கற்பூரத் தைலத்தின் நெடி, யாரோ இப்போதுதான் தேய்த்துவிட்டு எழுந்துபோனதுபோலச் சூடாக வீசியது. ஜன்னலில் பனி உரசும் சத்தத்துக்கும் கூடத்தில் காப்பிக் கோப்பைகள் மோதும் சத்தத்துக்கும் நடுவே, பெட்டியின் விசிறி இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

"ஆர்வித்!" மிர்னா எட்டிப் பார்த்தாள். "உன் தங்கச்சி சாவுக்கு வந்தவங்களுக்கு நான் ஒருத்தியே காப்பி ஊத்தணுமா? மகாராஜா இங்க கம்ப்யூட்டர நோண்டுறீங்களோ?"

"தோ வரேன்."

"துலூத்லேர்ந்து ஒருத்தி வந்திருக்கா, பேரு காரின். சோல்வெய்க்கு வேண்டியவளாம். ஒரு வாய் சாப்பிடல, அழுதுகிட்டே நிக்கிறா. அந்தத் தாடையப் பாத்தா உங்க அப்பாவாட்டம் இருக்கு, போ!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆர்வித் பெட்டியை அணைத்து எழுப்பி அமைப்புக்குள் போய்ப் பார்த்தார். ரெய்டு. அவர் வைத்தபடியே இருந்தது. வெளியே வந்தார். மறுபடியும் தங்கையின் பக்கம்தான் எழுந்தது.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

திரை அணைந்தது. விசிறி நிற்கவில்லை.

"அண்ணா."

அதே குரல்.

"நீ சொல்லு."

"மாட்டேன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "செத்தும் குடும்ப மானத்த வாங்கப் பாக்குறியா? உனக்கு வாய் கிடையாது. போ."

விசிறி நின்றது.

அப்போது அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லின்மேல் ஏதோ அழுந்தியது. குளிர்ந்த, மெல்லிய ஒன்று. ஒரு விரல் நுனி. அது நகர்ந்தது. அடுத்த பல். அதற்கடுத்தது. தட்டச்சின் விசைகளில் எழுத்தைத் தேடுவதுபோல.

அவர் கூடத்துக்கு ஓடினார். கோப்பைகளின் சத்தம் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னடா ஆர்வித், பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றார் பக்கத்துப் பண்ணை லோவெல், வாய் நிறைய ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தோடு.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"காரின் என் பொண்ணு."

ஏற்ற இறக்கமில்லாத பெண் குரல். அவர் தொண்டையிலிருந்து.

மூலையில் நின்றவள் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது. பாஸ்டர் எழுந்தார். ஆர்வித் இரு கையாலும் வாயைப் பொத்தினார். குரல் விரலிடுக்கில் வழிந்தது.

"நான் பெத்தவ. அப்பா பிடுங்கிக் குடுத்துட்டார். அண்ணனுக்குத் தெரியும். என் வாயை அடைச்சதும் அண்ணன்தான்."

"நிறுத்து ஆர்வித்!" மிர்னா அலறினாள். "என்ன விளையாட்டு இது? அந்தக் குரல்ல பேசாத!"

பேசுவது தாமல்ல என்று கத்தினார். கேட்கவில்லை. உள்ளேயே கத்தினார். இருட்டு. நாக்கைத் தேடினார். இல்லை. உதட்டைத் தேடினார். இல்லை.

மிர்னா பாய்ந்து அவர் கைகளை விலக்கினாள். விலக்கியவள் பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டாள்.

அவருடைய கன்னம் உள்ளிருந்து புடைத்தது. ஒரு விரல் முட்டியின் அளவு. அது அமுங்கியது. சற்றுத் தள்ளி மறுபடி புடைத்தது. நிதானமாக. ஒவ்வொரு புடைப்புக்கும் அவள் குரலில் ஓர் எழுத்து வெளியே விழுந்தது.